ஒன்பதாம் நம்பர் லேத்

பல் பிடுங்கி எட்டு நாள் ஆகியும் ஜெராக்ஸ் அக்காவுக்கு வாய் முழுசாகத் திறக்கவில்லை. அதனால் பேச்சு குறைந்ததா என்று கேட்காதீர்கள். பாதி வாயாலேயே முழுப் பேச்சையும் பேசி முடிக்கிற ஆள் அவள்.

இஞ்சினியரிங் காலேஜ் கேட்டுக்கு நேர் எதிரே, ஒற்றை ஷட்டர் அகலத்தில் அவள் கடை. இரண்டு மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ஸ்பைரல் போடுகிற கருவி ஒன்று. பதினாறு வருடமாக அந்தக் காலேஜ் பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டிலிருந்து காதல் கடிதம் வரைக்கும் அவள் கண்ணில் படாமல் ஒரு தாளும் கேட்டுக்குள் போனதில்லை. யாருக்கு எந்தப் பாடத்தில் அரியர், யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் பிரின்சிபாலுக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

அப்படிப்பட்டவளுக்குத் தன் வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒரு வாரமாகத் தெரியவில்லை. எப்படி இருக்கும்?

மகள் சிட்டு அதே காலேஜில் மூன்றாம் வருடம் மெக்கானிக்கல். ஒரு வாரமாகத் தட்டைப் பார்த்துத்தான் பேசுகிறாள். கணவர் அதே காலேஜ் ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன். வீட்டுக்குள் நுழைந்ததும் செய்தித்தாளுக்குள்ளும் நுழைந்துவிடுகிறார். மாடியில் குடியிருக்கும் நாத்தனாருக்கும் அங்கேதான் வேலை. மாணவர் ஆதரவு மையத்தில் ஆலோசகர். சாயங்காலம் டீ குடிக்க இறங்கி வருகிறவள், இப்போது படியில் செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் ஏறிப் போகிறாள். மூன்று பேரும் கூடி நின்று ஏதோ பேசுவதும், அவள் தலையைக் கண்டதும் வானிலை பற்றி ஆரம்பிப்பதுமாக இருந்தார்கள். அவளுக்கு மூக்கில் வேர்த்துக்கொண்டே இருந்தது.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு விஷயம் தானாகவே மெஷினிலிருந்து வெளியே வந்து விழுந்தது.

பிள்ளைகள் பிரிண்ட் எடுக்க வேண்டியதைக் கடை மெயிலுக்கு அனுப்பிவிட்டு, இடைவேளையில் வந்து வாங்கிப் போவது வழக்கம். வந்ததையெல்லாம் கேள்வி கேட்காமல் அடித்து அடுக்கி வைப்பது அவள் வழக்கம். சிட்டுவின் வகுப்புத் தோழி ஒருத்தி, எல்லோரும் பல்பு என்று கூப்பிடுகிற பெண், லேப் ரிப்போர்ட் இரண்டு அனுப்பியிருந்தாள். மெஷின் மூன்று கக்கியது. மூன்றாவது தாளை எடுத்து அடுக்கப் போனவள், அடியில் இருந்த பெயரைப் பார்த்தாள். மகளின் பெயர். மகளின் ரோல் நம்பர்.

‘ஒழுங்கு நடவடிக்கைக் குழுத் தலைவர் அவர்களுக்கு’ என்று ஆரம்பித்தது கடிதம்.

‘கடந்த வாரம் செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு நாற்பது மணிக்கு, எனக்கு ஒதுக்கப்பட்ட ஒன்பதாம் நம்பர் லேத்தில், சக்கிலிருந்து சாவியை எடுக்காமல் மெஷினை ஓட விட்டேன். இது முழுக்க என் கவனக்குறைவு. இதனால் சக மாணவி காயப்பட்டதற்கு மனமார வருந்துகிறேன். இனி இப்படி நடக்காது என்று உறுதி கூறுகிறேன்.’

இரும்பைச் சுழற்றிக் கடைகிற லேத்தில், துண்டைக் கவ்விப் பிடிக்கிற பாகம்தான் சக். அதை இறுக்குவதற்குக் கைப்பிடி வைத்த சாவி ஒன்று உண்டு. இறுக்கிய கையோடு உருவிவிட வேண்டும். உருவாமல் ஸ்விட்சைத் தட்டினால், சாவி கவணில் வைத்த கல்லாகப் பறக்கும். ஃபோர்மேன் பெண்டாட்டிக்கு இது தெரியாதா? கல்யாணமான புதிதில் அந்த மனிதர் அவளிடம் அரை மணி நேரம் தொடர்ந்து பேசிய ஒரே விஷயம் அதுதான்.

அவளைத் திடுக்கிட வைத்தது சாவி இல்லை. செவ்வாய்க்கிழமை, இரண்டு நாற்பது.

அன்றைக்குத்தான் அவளுக்குப் பல் பிடுங்கினார்கள். “இன்னைக்கு ஒர்க்‌ஷாப் கேன்சல்மா, நீ நிம்மதியாப் போய்ட்டு வா, கடையை நான் பார்த்துக்கிறேன்” என்று சொல்லி இந்த ஸ்டூலில் உட்கார்ந்தவள் சிட்டு. ஒன்றரை மணிக்குப் போன அம்மா நாலு மணிக்குக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பியபோது, இருபத்திரண்டு ரெக்கார்டு நோட்டுக்கு ஸ்பைரல் போட்டு வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள்.

கடையில் உட்கார்ந்து ஸ்பைரல் போட்டவள், ஒர்க்‌ஷாப்பில் எப்படிச் சாவியை மறப்பாள்? கேட்டுக்கு வெளியே இருந்தபடி ரிமோட்டிலா லேத் ஓட்டினாள்?

“அக்கா, என் பிரிண்ட் ரெடியா?”

பல்பு வந்து நின்றாள். வலது புருவத்துக்கு மேல் பிளாஸ்திரி. அக்கா கையில் இருந்த தாளைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போயிற்று.

“ஐயையோ. அது தப்பா வந்துடுச்சுக்கா. என் போன்ல இருந்துச்சு, சேர்ந்து போயிடுச்சு. நீங்க பார்க்கவே இல்லைன்னு வெச்சுக்கோங்க.”

“பார்த்தாச்சு. படிச்சாச்சு. ரெண்டு தடவை. உன் நெத்தியில என்ன?”

“நாலு தையல்.”

“அந்தச் சாவியா?”

பல்பு தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா, இல்லை என்றா, அவளுக்கே தெரியாத ஆட்டம்.

“நான் பத்தாம் நம்பர் மெஷின்கா. பக்கத்துல நின்னேன்.”

“அப்போ ஒன்பதுல நின்னது யாரு? கண்ணு ரெண்டும் நல்லாத்தானே இருக்கு உனக்கு?”

“நான் பார்க்கலைக்கா.”

பார்க்கவில்லையாம். ஒரு கை தூரத்தில் நின்றவளை! ஆனால் பாவம், அடிபட்ட பிள்ளை. அவளைப் போட்டு அரிக்க அக்காவுக்கு மனசு வரவில்லை.

“இந்த லெட்டர் குடுத்தா என்ன ஆகும்? குடுக்கலைன்னா என்ன ஆகும்? அதைச் சொல்லு.”

“இன்னைக்கு மூணு மணிக்குக் கமிட்டிக்கா. தப்பை ஒத்துக்கிட்டா ரெண்டு வாரம் ஒர்க்‌ஷாப்புக்குள்ள விட மாட்டாங்க, ஒரு வார்னிங். அவ்வளவுதான். ஒத்துக்காம, விசாரிச்சு நிரூபிச்சாங்கன்னா ஒரு செமஸ்டர் வெளிய நிக்கணும். அடுத்த மாசம் கம்பெனிக்காரங்க இன்டர்வியூக்கு வராங்க. அப்புறம் அதுல உட்கார முடியாது.”

“யாரு கம்ப்ளெயின்ட் குடுத்தது?”

பல்பு வாசலைப் பார்த்தாள்.

“கம்ப்ளெயின்ட் இல்லைக்கா. ரிப்போர்ட். ஒர்க்‌ஷாப்ல இருந்து.”

“ஒர்க்‌ஷாப்புக்கு வாயா இருக்கு? யாரு எழுதினது?”

“ஃபோர்மேன் சார்” என்று சொல்லிவிட்டு, லேப் ரிப்போர்ட்டைக்கூட எடுக்காமல் அந்தப் பெண் ரோட்டைத் தாண்டி ஓடிவிட்டாள்.

ஜெராக்ஸ் அக்கா ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். மகள் போனுக்கு அடித்தாள், அணைத்து வைத்திருந்தது. கணவர் போனுக்கு அடித்தாள், மணி அடித்து ஓய்ந்தது. மூன்றாவது தடவை அடித்தபோது அவளுக்குள் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்தது.

கணவருக்கு ரிட்டயர் ஆக இன்னும் இரண்டு வருடம். ஒர்க்‌ஷாப்பில் ஒரு பிள்ளைக்கு நெற்றி பிளந்தால், முதல் கேள்வி ஃபோர்மேன் எங்கே போனார் என்பதுதானே? சாவியை யார் விட்டது என்று தெரியாவிட்டால் அது அவர் தலையில் விழும். யாரோ ஒரு பிள்ளை ஒத்துக்கொண்டால் அவர் தப்பித்தார். எந்தப் பிள்ளை சத்தம் போடாமல் ஒத்துக்கொள்ளும்? பெற்ற பெண். யார் பக்கத்தில் உட்கார்ந்து நைசாகப் பேசி ஒத்துக்கொள்ள வைப்பார்கள்? அதற்கென்றே சம்பளம் வாங்குகிற தங்கச்சி.

அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து என் பிள்ளையைப் பலி கொடுக்கிறார்களா? நினைக்க நினைக்கப் பல் பிடுங்கிய இடம் விண்விண் என்று தெறித்தது. மதியம் ஒரு மணிக்கு ஷட்டரை இழுத்துப் பூட்டினாள். பரீட்சை நேரத்தில்கூட அந்த நேரத்துக்கு அவள் கடை பூட்டியதில்லை.

மாணவர் ஆதரவு மையம் நிர்வாகக் கட்டடத்தின் பின்பக்கம், படியேறினால் முதல் அறை. பின்பக்கம் வைத்ததற்குக் காரணம் உண்டு. உள்ளே போகிற பிள்ளையை மற்றவர்கள் பார்க்கக் கூடாது. இரண்டு மெத்தை நாற்காலி, ஒரு சின்ன மேஜை, முகம் துடைக்கக் காகித டப்பா. நாத்தனார் ஃபைலை மூடிவிட்டு எழுந்தாள்.

“வாங்க அண்ணி. வீக்கம் வத்திடுச்சா?”

“என் வீக்கத்தை விடும்மா. என் பொண்ணை என்ன பண்ணி வெச்சிருக்கே?”

கடிதத்தை மேஜையில் வைத்தாள். நாத்தனார் அதைப் படிக்கவில்லை. படிக்காததே அக்காவுக்குப் போதுமான சாட்சியாக இருந்தது.

“அன்னைக்கு அந்த நேரம் சிட்டு என் கடையில இருந்தா. உனக்குத் தெரியுமா தெரியாதா?”

“அண்ணி, இந்த ரூமுக்குள்ள ஒரு பிள்ளை சொன்னதை நான் வெளிய சொல்லக் கூடாது.”

“நான் அவளைப் பெத்தவ.”

“பெத்தவங்களுக்கும் சொல்லக் கூடாது. அதுதான் ரூல். அந்தப் பிள்ளையே சொல்லுன்னு சொன்னாத்தான் நான் வாயைத் திறக்கலாம். இன்னைக்கு உங்களுக்காக ஒண்ணு சொன்னேன்னு வைங்க, நாளைக்கு ஒரு பிள்ளை இந்தப் படி ஏறாது.”

“ரூலு! உங்க அண்ணனுக்கும் இந்த ரூல்தானா?”

“அண்ணன்கிட்டயும் நான் ஒண்ணும் சொல்லலை.”

“அப்போ அந்த மனுஷன் ஏன் ஒரு வாரமா பேப்பருக்குள்ள ஒளிஞ்சு கிடக்கிறாரு?”

“அதை அண்ணன்கிட்ட கேளுங்க.”

என்ன நிதானம்! ஜெராக்ஸ் அக்காவுக்கு எரிச்சலில் கண்ணே கலங்கிவிட்டது. இருபத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் குடித்தனம். இவளுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுத்த கை இது. பிள்ளையைக் கிள்ளியும் விடுவாள், தொட்டிலையும் ஆட்டுவாள் போலிருக்கிறது.

கிளம்பும்போது நாத்தனார் கதவருகே வந்து அவள் கையைப் பிடித்தாள். விரல்கள் சில்லென்று இருந்தன.

“அண்ணி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். கமிட்டிக்கு நீங்க வரலாம், பெத்தவங்க உட்காரலாம். ஆனா அங்க வந்து வாயைத் திறக்காதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்னு வெச்சுக்கோங்க.”

“நான் வாயைத் திறந்தா யாருக்கு வேலை போகும்?”

நாத்தனார் பிடியை விடவில்லை. அக்கா கையை உதறிக்கொண்டு படி இறங்கினாள்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போனபோது இரண்டு மணி ஆகப் போகிறது. நீளமான ஓட்டுக் கட்டடம், எண்ணெய் வாடை, இரண்டு பக்கமும் ஆறு ஆறாகப் பன்னிரண்டு லேத். ஒவ்வொன்றின் தலையிலும் மஞ்சள் பெயின்ட்டில் நம்பர். ஒன்பதாம் நம்பரைத் தார்ப்பாய் போட்டு மூடி, சிவப்பு அட்டை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஃபோர்மேன் அதற்குப் பக்கத்தில் நின்று கை துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, ரிப்போர்ட் நீங்கதான் எழுதினீங்களா?”

அவர் ஒரு கணம் நிமிர்ந்தார். கேள்வி என்றைக்காவது வரும் என்று காத்திருந்தவர் மாதிரிதான் இருந்தது.

“ஆமா.”

“பெத்த பொண்ணு மேல?”

“மெஷின் மேல எழுதினேன். ஒன்பதாம் நம்பர்ல சக் சாவி எடுக்கலை, ஒரு பிள்ளைக்கு அடி. அவ்வளவுதான் எழுதினேன். அடிபட்டா ஒரு மணி நேரத்துக்குள்ள எழுதிக் குடுக்கணும்.”

“ஒன்பது யாரு மெஷின்னு தெரியாதா உங்களுக்கு?”

“இருபத்தெட்டு வருஷமா நான் ஆளை எழுதுறதில்லை, மெஷினைத்தான் எழுதுறேன். ஆளை நினைச்சா கை நிக்கும். ஆள் யாருன்னு ஆபீஸ்ல பார்த்துக்குவாங்க.”

“இதெல்லாம் ஒரு பதிலா? அன்னைக்கு அவ இங்க இருந்தாளா, இல்லையா? அதைச் சொல்லுங்க முதல்ல.”

மணி அடித்தது. பிள்ளைகள் திமுதிமுவென்று உள்ளே வந்தார்கள். மேல்கோட்டு, கண்ணாடி, தலையை மூடின தொப்பி. மாட்டிக்கொண்டதும் யார் யாரென்று அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

“நீ கடைக்குப் போ” என்றார் தணிந்த குரலில். “மூணு மணிக்கு முடிஞ்சிடும். சாயங்காலம் பேசிக்கலாம்.”

மெஷின்கள் ஒவ்வொன்றாக இரைய ஆரம்பித்தன. அவர் வருகைப் பதிவு அட்டையை எடுத்துக்கொண்டு ஒன்றாம் நம்பரிலிருந்து நடந்தார். ஓடுகிற மெஷினுக்கு ஒரு டிக், அடுத்ததற்கு ஒரு டிக். அதுதான் அவர் வருகை எடுக்கிற விதம். ஓடுகிற லேத்துக்கு முன்னால் ஆள் இல்லாமல் இருக்காது என்பது அவர் கட்சி. தலையே நிமிரவில்லை, காதாலேயே எடுத்து முடித்துவிட்டார். வாசலில் நின்று பார்த்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓஹோ, இப்படித்தான் பார்க்காமல் டிக் போட்டு, வராத பிள்ளை தலையில் பழியையும் போட்டீர்களாக்கும்! அதை மறைக்கத்தான் இவ்வளவு நாடகமா?

ஒருத்தி வாயைத் திறக்காதே என்கிறாள். ஒருத்தர் கடைக்குப் போ என்கிறார். இனிமேல் அவள் போவாளா?

மூன்று மணிக்குக் கமிட்டி அறையில் ஒரு நீள மேஜை, தண்ணீர் ஜாடி, அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் கணிதப் பேராசிரியை, குழுத் தலைவி. கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பழக்கம். இந்தப் பக்கம் சிட்டு, அவளுக்குத் துணையாக நாத்தனார். விசாரணைக்கு வருகிற பிள்ளை தனியாக உட்காரக் கூடாது, ஆதரவு மையத்திலிருந்து ஒருவர் கூட இருக்க வேண்டும் என்பது அந்தக் காலேஜ் விதி. சுவரோரம் பல்பு. கதவருகே ஃபோர்மேன்.

உள்ளே வந்த அம்மாவைக் கண்டதும் சிட்டுவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“நீ ஏம்மா வந்தே?” என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

பாவம், பயந்து போயிருக்கிறது என் குழந்தை என்று அம்மா நினைத்துக்கொண்டாள். நான் இருக்கேன் என்று கண்ணாலேயே சொன்னாள்.

சிட்டு எழுந்து கடிதத்தை வாசித்தாள். குரல் நடுங்கவில்லை. தலைவி கேட்டார்:

“இதை யாராவது சொல்லிக் குடுத்து எழுதினியா?”

“இல்லை மேடம். நானேதான்.”

“அடிபட்ட மாணவிக்கு ஏதாவது சொல்ல இருக்கா?”

“இல்லை மேடம்” என்றாள் பல்பு, தரையைப் பார்த்து. “எனக்கு அவ மேல கோபம் இல்லை.”

தலைவி பேனாவைத் திறந்தார். “தப்பை ஒத்துக்கிட்டதால ரெண்டு வாரம் ஒர்க்‌ஷாப் தடை, எழுத்துல ஒரு எச்சரிக்கை. முதல் தடவைங்கறதால இத்தோட முடியுது. இனிமே கவனமா இரும்மா.” கையெழுத்துப் போடக் குனிந்தவர், வழக்கத்துக்காக நிமிர்ந்து கேட்டார். “பெற்றோர் தரப்புல ஏதாவது சொல்லணுமா?”

நாத்தனார் திரும்பி அவளைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினாள். வேண்டாம். சிட்டு இரண்டு கையையும் மடியில் கோத்துப் பிசைந்தாள். கதவருகே நின்ற மனிதர் சுவரைப் பார்த்தார்.

மூன்று பேரும் சேர்ந்து மறைக்கிறார்கள். அது போதும் அவளுக்கு. எழுந்து நின்றாள்.

“சொல்லணும் மேடம். என் பொண்ணு பொய் சொல்றா.”

பேனா நின்றது.

“அன்னைக்கு ரெண்டு நாற்பதுக்கு அவ ஒர்க்‌ஷாப்லயே இல்லை. கேட்டுக்கு எதிர்ல என் கடையில உட்கார்ந்திருந்தா. ஒன்றரையில இருந்து நாலு வரைக்கும். நான் பல் பிடுங்கப் போயிருந்தேன், டாக்டர் சீட்டு இருக்கு. அவ ஸ்பைரல் போட்ட நோட்டை வாங்கிட்டுப் போன இருபத்திரண்டு பிள்ளைங்க இருக்காங்க, ஒவ்வொருத்தரையா கூட்டிட்டு வரேன். யாரோ பண்ணின தப்பை என் பொண்ணு தலையில கட்டறாங்க மேடம். யாரைக் காப்பாத்துறதுக்குன்னு நீங்களே கேளுங்க!”

பாதி வாயால் இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, வெற்றியோடு மகளைப் பார்த்தாள். மகள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

தலைவிக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால்கூடத் தேவலை. மேஜை மேல் இருந்த ஒழுங்கு விதிக் கையேட்டை எடுத்துப் புரட்டினார்.

“அப்போ அன்னைக்கு உங்க பொண்ணு கிளாஸ்ல இல்லை.”

“இல்லை மேடம்! அதைத்தானே சொல்றேன்!”

“ஆனா வருகைப் பதிவுல இருக்கா. ஒன்பதாம் மெஷினுக்கு நேரா டிக் இருக்கு.” ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். “வராத ஒருத்தரை வந்ததாக் காட்டினா, வராதவங்களுக்கும் ஒரு செமஸ்டர், காட்டினவங்களுக்கும் ஒரு செமஸ்டர். இதுல ஒத்துக்கிட்டா குறைப்போம்ங்கறதெல்லாம் கிடையாதும்மா. கவனக்குறைவை மன்னிக்கலாம். ஏமாத்தினதை மன்னிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை.”

அந்தக் கையேட்டை அறுநூறு பிரதி அடித்து, ஸ்பைரல் போட்டுக் கொடுத்ததே ஜெராக்ஸ் அக்காதான். அட்டை கோணாமல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வரி பார்த்தவள் இல்லை.

இப்போது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. ஒர்க்‌ஷாப் கேன்சல் ஆகவில்லை. அம்மா வலியோடு தனியாக அல்லாட வேண்டாம் என்று பிள்ளை பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறது. யாரோ அவளுக்குப் பதிலாக மெஷினை ஓட விட்டிருக்கிறார்கள். அது விபரீதமாகிவிட்டது. செமஸ்டர் போகிற தப்பை மறைக்க, இரண்டு வாரம் போகிற தப்பைத் தலையில் போட்டுக்கொண்டாள். நாத்தனாருக்குத் தெரியும், சொல்ல முடியாது. அதனால்தான் வாயைத் திறக்காதே என்று கெஞ்சினாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் தன் வாயால் தன் குஞ்சைக் கெடுத்துவிட்டு நிற்கிறது.

“மேடம், நான் ஏதோ தெரியாம... தேதி மாத்திச் சொல்லியிருப்பேன்...”

“உட்காருங்கம்மா” என்றார் தலைவி. கதவுப் பக்கம் திரும்பினார். “ஃபோர்மேன், டிக் போட்டது நீங்க. பார்க்காம போட்டீங்களா?”

எளிதான கேள்வி. ஆமாம், பார்க்கவில்லை என்றால் போதும். ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடியும். அவர் காதால்தான் வருகை எடுக்கிறார் என்பது காலேஜுக்கே தெரிந்த கதை. ஒரு மணி நேரம் முன்னால் அவர் மனைவியே கண்ணால் பார்த்தாளே. சொல்லிவிடுங்கள், சொல்லிவிடுங்கள் என்று அவள் மனசுக்குள் அடித்துக்கொண்டாள்.

ஃபோர்மேன் கதவை விட்டு ஓரடி முன்னால் வந்தார்.

“பார்த்துட்டுத்தான் மேடம் போட்டேன்.”

“என்ன பார்த்தீங்க?”

“மணி ரெண்டேகால் இருக்கும். மெஷின் ஓடிட்டு இருந்துச்சு. முன்னாடி ஆள் இல்லை. அது என் பொண்ணு மெஷின், அதனால தலை தானா நிமிர்ந்துடுச்சு. அவங்க அம்மாவுக்குப் பல் பிடுங்குற நாள்னு எனக்குத் தெரியும். கடைக்குப் போயிருப்பான்னு தெரிஞ்சுதான், ஒரு நாள்தானேன்னு டிக் போட்டேன். மெஷினை நிறுத்திட்டு டூல் ரூமுக்குப் போயிட்டேன். அப்புறம் யாரோ திரும்ப ஓட விட்டிருக்காங்க. சத்தம் கேட்டு வந்தா, இந்தப் பிள்ளை நெத்தியைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது.” அவர் தலையைக் குனிந்துகொண்டார். “நான் டிக் போடாம, ஆள் வரலைன்னு எழுதியிருந்தா, அந்த மெஷினை அப்புறம் யாரும் தொட்டிருக்க மாட்டாங்க. ரிப்போர்ட்ல அதை எழுதலை. எழுதியிருக்கணும்.”

சிட்டு “அப்பா” என்றாள்.

“யாரு ஓட விட்டது?” என்று தலைவி கேட்டார்.

பல்பு புருவத்துப் பிளாஸ்திரியை விரலால் அழுத்திக்கொண்டாள். நாத்தனார் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைவி கண்ணாடிக்கு மேலாக எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, போட வந்த கையெழுத்தைப் போடாமல் பேனாவை மூடினார்.

“வெள்ளிக்கிழமை காலையில பத்து மணி. அதுக்குள்ள அந்த ஆள் தானா வந்து சொல்லணும். இல்லைன்னா, தெரிஞ்ச வரைக்கும் வெச்சு முடிவு எடுப்போம். அதுவரைக்கும் ஃபோர்மேன், நீங்க ஒர்க்‌ஷாப்புக்குள்ள போக வேண்டாம்.”

வெளியே தாழ்வாரத்தில் வகுப்பு விட்ட கூட்டம். ஃபோர்மேன் யாரையும் பார்க்காமல் ஒர்க்‌ஷாப் சாவிக்கொத்தைக் கொடுக்க ஆபீஸ் பக்கம் நடந்தார். பல்புவைக் காணோம். நாத்தனாரிடம் என்ன சொல்வதென்று ஜெராக்ஸ் அக்காவுக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து மனசுக்குள் அவளைத் திட்டிய திட்டு ஒவ்வொன்றும் இப்போது திரும்பி வந்து அறைந்தது.

“என்னை மன்னிச்சிடும்மா” என்றாள்.

“அதெல்லாம் அப்புறம் அண்ணி” என்றாள் நாத்தனார். குரலில் கோபமில்லை, அலுப்புதான் இருந்தது. “இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு.”

அம்மா ஓடிப் போய் மகளின் தோளைப் பிடித்தாள்.

“சிட்டு, எனக்குத் தெரியாதுடி. உன்னைக் காப்பாத்துறேன்னு நினைச்சுத்தான்...”

“தெரியும்மா.”

“அந்த மெஷினை ஓட விட்டது யாருன்னு என்கிட்டயாவது சொல்லுடி. நான் போய் அந்தப் பிள்ளைகிட்ட பேசுறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள ஏதாவது பண்ணலாம்.”

சிட்டு அந்த வாரத்திலேயே முதல் தடவையாக அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் தாங்கியிருக்கலாம்.

“அத்தைகிட்ட சொல்லிட்டேன்மா. உன்கிட்ட சொல்ல மாட்டேன்.”

“ஏண்டி?”

“நீ எழுந்து நின்னுடுவே.”